கடற்காற்றில் கலந்திருப்பவை



பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத்திலிருந்து நேர் கிழக்கே கடற்கரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இத்தனை தூரம் இருந்தும், கோடையில் பகல் முழுவதும் புழுங்கிக் கிடக்கும் எங்கள் தெருக்களுக்குச் சில நாட்களில் பொழுது சாய்ந்தபின் கிழக்கேயிருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்து சேர்வதுண்டு. கடற்காற்று என்றாலே தூய காற்று என்பது நம்மிடையே நெடுநாளாக நிலைத்துவிட்ட எண்ணம். நோயிலிருந்து தேறியவர்களைக் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்கி வரச் சொல்லுகிறோம் அல்லவா? அந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? கடலோரக் காற்றில் கலந்திருப்பவை யாவை? அவை எங்கிருந்து வந்தன என்பதை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள்? இம்மூன்று கேள்விகளையும் இன்று சற்று ஆராய்வோம்.

காற்று என்பது நைட்ரஜன், பிராணவாயு முதலிய வாயுக்களின் கலவை என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அது சரியே. ஆனால், அந்த வாயுக்களோடு எண்ணற்ற நுண்துகள்களும் மிதந்துகொண்டிருக்கின்றன. ஓட்டு வீட்டின் இடுக்கு வழியே விழும் வெயிற்கீற்றில் தூசு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் கண்ணால் காணும் அந்தத் தூசு பெரிய வகையைச் சேர்ந்தது. விஞ்ஞானிகள் கவலைப்படுவது அதைவிடப் பன்மடங்கு சிறிய துகள்களைப் பற்றித்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் மூச்சோடு உட்செல்லக்கூடியவை. 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவையோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரைக்கும் சென்று தங்கக்கூடியவை.

இத்துகள்களை இரண்டு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். கல்குவாரித் தூசு, வண்டல் மண், கடல் உப்பு போன்றவை ஒரு பிரிவு. கார்பன் அணுக்கள் சங்கிலி போலவும் வளையம் போலவும் கோத்துக்கொண்டு உருவாகும் பொருள்களால் ஆனவை மற்றொரு பிரிவு. இவற்றைக் கரிமத் துகள்கள் என்கிறோம். விறகுப் புகை, டீசல் புகை, தாளிக்கும் எண்ணெயின் ஆவி, இலைகளின் மேல் படர்ந்திருக்கும் மெழுகு, பூஞ்சைக் காளான்களின் வித்துகள், எரியும் குப்பையின் கரும்புகை ஆகிய யாவும் இப்பிரிவில் அடங்கும். நம் பேச்சு இந்த இரண்டாம் பிரிவைப் பற்றியது.

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பது இன்று எளிது. இந்திய அரசு 2009-இல் வகுத்த தர அளவின்படி, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அளித்த வழிகாட்டுதலோ 5 மைக்ரோகிராம் என்று வரம்பை மிகவும் தாழ்த்தியிருக்கிறது. ஆனால், எடை மட்டும் தெரிந்தால் போதுமா? ஒரு மாணவன் வாங்கிய மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அவன் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்று ஓர் ஆசிரியர் சொல்ல முடியுமா? பாடவாரியாகப் பார்த்தால்தானே எங்கே திருத்த வேண்டும் என்று விளங்கும்? காற்றும் அப்படித்தான். எடை, நோய் இருக்கிறது என்று சொல்லும். நோய்க்குக் காரணம் எது என்று சொல்லாது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் துகளின் உட்பொருளை ஆராய வேண்டும்.

அதற்கு வழி என்ன? எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். பட்டு அசலா போலியா என்று ஐயம் வந்தால், புடைவையின் ஓரத்திலிருந்து ஓரிரண்டு இழைகளை உருவித் தீயில் காட்டுவார்கள். அசல் பட்டானால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வீசும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் இழையானால் உருகும். ஆறியதும் கெட்டியான மணிபோல் உறைந்துவிடும். அதன் நாற்றமே வேறு. இந்தச் சோதனைக்குள் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. எந்தப் பொருள் எரிந்தாலும், தான் இன்னதென்று காட்டும் அடையாளத்தை அது தன் புகையில் விட்டுச் செல்கிறது. நெசவாளரின் மூக்கு அறிவதையே ஆய்வுக்கூடத்துக் கருவி மிக நுட்பமாக அறிகிறது.

அத்தகைய அடையாளங்கள் சிலவற்றைப் பார்ப்போம். விறகு, வைக்கோல், சருகு ஆகியவற்றின் உடலாக இருப்பது செல்லுலோஸ். அது எரியும்போது லெவோகுளுக்கோசான் என்னும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டாகிறது. பெட்ரோலோ டீசலோ எரிந்தால் அது உண்டாவதில்லை. ஆகவே காற்றில் லெவோகுளுக்கோசான் அகப்பட்டால், எங்கோ தாவரப் பொருள் எரிந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த உயிர்களின் எச்சமாகப் பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் ஹோப்பேன் என்னும் பொருள்கள் இருக்கின்றன. அவை வண்டிகளின் மசகெண்ணெய் வழியாகவும் புகை வழியாகவும் காற்றில் சேர்கின்றன. பிளாஸ்டிக் எரியும்போது டிரைஃபீனைல் பென்சீன் என்னும் பொருள் வெளிப்படுகிறது. இலை மெழுகுக்கு ஓர் அடையாளம் உண்டு. காளான் வித்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கைரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது போன்றதே இந்த வேலை.

அளக்கும் முறையையும் கேளுங்கள். முதலில், குவார்ட்ஸ் இழையால் ஆன வெண்மையான வடிதாள் ஒன்றின் வழியாக விசைக்குழாயால் பல மணி நேரம் காற்றை இழுப்பார்கள். துகள்கள் தாளில் படிந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அத்தாளின் ஒரு துண்டைத் தக்க கரைப்பானில் ஊறவைத்துக் கரிமப் பொருள்களைப் பிரித்தெடுப்பார்கள். அந்தக் கரைசலில் நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அவற்றை மயிரிழை போன்ற துளையுள்ள ஒரு நீண்ட குழலின் வழியே, மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றிக்கொண்டே, வாயுவோடு செலுத்துவார்கள். எளிதில் ஆவியாகும் பொருள் முன்னே வெளிவரும். எளிதில் ஆவியாகாதது பின்னே வரும். இவ்வாறு வரிசையாக வருவனவற்றை எலெக்ட்ரான்களால் தாக்கிச் சிதைத்து, சிதறிய துண்டுகளின் எடையைக் கணக்கிடும் கருவி ஒன்று குழலின் மறுமுனையில் காத்திருக்கும். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய விதத்தில் சிதறுவதால், அந்தச் சிதறலைக் கொண்டு அதன் பெயரைச் சொல்லிவிடலாம். இதனால் அறியப்படும் அளவு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

இந்த முறையில் நம் சென்னையின் காற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் குளிர்காலத்திலும் கோடையிலும் கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில், பகலில் தனியாகவும் இரவில் தனியாகவும், 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களைச் சேகரித்தார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவமுராவின் குழுவினரும் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சுவாமிநாதனும் சேர்ந்து செய்த இந்த ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. பதினான்கு வகையான கரிமப் பொருள்கள் அந்தத் துகள்களில் இருப்பதைக் கண்டார்கள். அடையாளம் கண்ட பொருள்களின் கூட்டுத்தொகை, ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாகக் குளிர்காலத்தில் 1,136 நானோகிராம். கோடையில் 1,586 நானோகிராம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேற்றுமை. பெரும்பாலான பொருள்கள் இரவில்தான் மிகுந்து காணப்பட்டன. காரணம் என்ன? பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லச் செல்கிறது. இதை நிலக்காற்று என்பார்கள். அது ஊர்களின் புகையையெல்லாம் சுமந்துகொண்டு கடற்கரையைக் கடக்கிறது. மேலும், இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே கலக்காமல் தாழ்வாகப் படிந்துவிடுகிறது. ஒரே அடுப்பு உயர்ந்த கூடத்தில் எரிவதற்கும் தாழ்ந்த குடிசைக்குள் எரிவதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். புகை அதே அளவுதான். ஆனால் குடிசையில் கண் எரிகிறது. இரவு வானம் நமக்கு அத்தகைய தாழ்ந்த கூரையாகிறது.

இங்கே ஒரு துப்பறியும் கதை போன்ற நிகழ்ச்சியும் உண்டு. தாலிக் அமிலம், ஐசோதாலிக் அமிலம், டெரெதாலிக் அமிலம் என்று மூன்று சகோதரப் பொருள்கள் இருக்கின்றன. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அவை அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இம்மூன்றில், டெரெதாலிக் அமிலம் மட்டும் தன் சகோதரர்களின் வழியே செல்லாமல் இரவில் உச்சத்தை அடைந்தது. ஏன்? அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கிய மற்றொரு பொருள் எது என்று தேடினார்கள். பிளாஸ்டிக் எரிவதன் அடையாளம் என்று முன்னே சொன்னேனே, அந்த டிரைஃபீனைல் பென்சீன்தான் அது. தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் டெரெதாலிக் அமிலத்தைக் கொண்டு செய்யப்படுபவை. ஆகவே, பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பட்டுச் சோதனையில் போலி இழையைக் காட்டிக்கொடுத்த அதே பொருள், ஊர்க் காற்றிலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

பங்குக் கணக்கையும் அவர்கள் போட்டார்கள். பருவத்தையும் பகல் இரவையும் பொறுத்து, அடையாளம் கண்ட பொருள்களில் பெட்ரோலியம், நிலக்கரி முதலிய எரிபொருள்களைச் சார்ந்தவை நூற்றுக்கு 24 முதல் 43 வரை. பிளாஸ்டிக்கைச் சார்ந்தவை 16 முதல் 33 வரை. ஆவியாக வெளிப்பட்டுப் பின்னர் காற்றிலேயே மாறுதல் அடைந்து உருவானவை 8.6 முதல் 23 வரை. நுண்ணுயிர்களும் கடலும் தந்தவை 7.2 முதல் 17 வரை. இலை மெழுகு 5.9 முதல் 11 வரை. தாவரப் பொருள் எரிந்ததால் வந்தவை 4.2 முதல் 6.4 வரை.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று எவர் சொன்னாலும், "எதில் நூற்றுக்கு?" என்று உடனே கேளுங்கள். கணக்குப் பாடத்தில் நான் மாணவர்களிடம் ஓயாமல் வற்புறுத்திய கேள்வி இது. சென்னை ஆராய்ச்சியில் பெயர் சொல்லி அடையாளம் கண்ட பொருள்கள், காற்றிலிருந்த கரிம கார்பனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எஞ்சிய ஒன்பது பங்கு பெயர் தெரியாத பொருள்களின் பெருங்கூட்டம். மேலே சொன்ன பங்குகள் யாவும் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டியவையே. இதை மறைக்காமல் ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். தான் கண்டதன் எல்லையையும் சேர்த்துச் சொல்வதே விஞ்ஞானத்தின் ஒழுக்கம்.

வேறொரு வழியில் சென்றவர்களுக்கு வேறொரு கணக்கு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை, இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சி என்னும் பெரு முயற்சி நடைபெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். நம் நாட்டு ஆராய்ச்சிக் கப்பலான சாகர் கன்யாவும் அதில் பங்கு கொண்டது. ஊரே இல்லாத நடுக்கடலின் மேல் பழுப்பு நிறப் புகைமண்டலம் பரந்து கிடப்பதை அந்த ஆராய்ச்சி உலகுக்குக் காட்டியது. குளிர்காலத்து வடகிழக்குக் காற்று நிலத்தின் புகையைக் கடலுக்கு ஏந்திச் சென்றிருந்தது.

அந்தப் புகை எதிலிருந்து வந்தது? இதற்கு விடை தர உதவியது கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கார்பன். உயிருள்ள மரத்தில் அது சிறிதளவு இருக்கிறது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இதைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் வழியைக் கண்ட வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் கார்பன் 14 சிறிதும் எஞ்சியிருக்காது. ஆகவே விறகுப் புகையில் அது உண்டு. டீசல் புகையில் அது இல்லை. மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புனே அருகேயுள்ள சிங்ககட் மலையிலும் எடுத்த துகள்களை இவ்வாறு சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கார்பன் துகள்களின் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாவரப் பொருள்கள் எரிந்ததனால் வந்தது என்பது அந்த முடிவு.

சென்னையில் நூற்றுக்கு ஆறு, மாலத்தீவில் மூன்றில் இரண்டா என்று திகைக்க வேண்டாம். ஒன்று, மாநகரத்தின் நடுவே, பெயர் தெரிந்த சில பொருள்களுக்குள் போட்ட கணக்கு. மற்றொன்று, ஒரு பெரும் நிலப்பரப்பின் காற்றெல்லாம் கலந்து சேர்ந்த இடத்தில், கார்பன் முழுவதற்கும் போட்ட கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டுமே தவிர, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடிக்கலாகாது.

கடலுக்கும் தனக்கென்று ஒரு பங்கு உண்டு. அலை உடைந்து நுரைக்கும்போது எழும் குமிழிகள் வெடித்து, உப்பை மட்டுமல்லாமல் கடற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களின் கரிமப் பொருளையும் காற்றில் தெறிக்கவிடுகின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேஸ் ஹெட் ஆய்வு நிலையத்தில், கடற்பாசி நுண்ணுயிர்கள் செழிக்கும் பருவத்தில் நுண்துகள்களின் பெரும்பகுதி இத்தகைய கரிமப் பொருளாகவே இருந்தது என்று 2004-இல் கண்டறிந்தார்கள். ஆகவே கடலோரத் துகள்கள் எல்லாம் மாசு அல்ல. இயற்கை தந்தவையும் உண்டு. பிரித்தறிவதே அளவையின் பயன். இரவில் நாம் கடலுக்கு அனுப்பிய புகையின் ஒரு பகுதி, மறுநாள் கடற்காற்றோடு நம் வாசலுக்கே திரும்பிவரக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடல் நம் குற்றங்களைக் கழுவும் தொட்டி அன்று.

இத்தனை நுட்பமாக அளப்பதனால் நமக்கு என்ன? இந்தக் கேள்விக்கு என் விடை இது: அளவு இல்லாத இடத்தில் நியாயம் இருக்க முடியாது. காற்று கெட்டுவிட்டது என்றவுடன் யார்மீது பழி போடுகிறோம்? விறகடுப்பை ஊதும் ஏழைத் தாயின்மேல், சாயத்தொட்டிக்கு விறகு எரிக்கும் தொழிலாளியின்மேல், குப்பைக்குத் தீ வைக்கும் துப்புரவுப் பணியாளரின்மேல் போடுகிறோம். குப்பையை அள்ள வண்டி வராத தெருவில் அவர் வேறென்ன செய்வார் என்று எண்ணுவதில்லை. அந்தத் தாயும் அந்தப் பணியாளரும்தான் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள் என்பதையும் எண்ணுவதில்லை. இன்னது இத்தனை பங்கு என்று தெரிந்தால், வசதியுள்ளவர்களின் வண்டியும், நாம் எல்லாரும் வாங்கி எறியும் பிளாஸ்டிக்கும் கணக்கில் வந்துவிடும். பழி உரிய இடத்துக்குச் செல்லும். பரிகாரமும் உரிய இடத்தில் தொடங்கும்.

அளவு சட்டத்துக்கும் கண் கொடுக்கிறது. புகையில் உள்ள பென்சோபைரீன் என்னும் கரிமப் பொருள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. 2009-ஆம் ஆண்டுத் தர அளவில், அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று அதன் பெயரைச் சொல்லியே விதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை விதிக்கப்பட்டது. ஆயினும் 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டில் பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தது. சட்டம் ஒரு பாதி. நம் பழக்கம் மறுபாதி.

போகியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்துப் போகிப் புகையும், டயரும் நைலான் பையும் எரியும் போகிப் புகையும் ஒன்றாகா. முன்னதில் கருவி செல்லுலோஸின் அடையாளத்தைக் காணும். பின்னதில் டிரைஃபீனைல் பென்சீனைக் காணும். பழையன கழிதல் நல்லதே. ஆனால், கழிப்பதற்கு எரிப்பது ஒன்றுதான் வழியா?

மாணவர்களாகிய நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு குறிப்பேடு எடுங்கள். ஒரு மாதம் நாள்தோறும் காலையிலும் மாலையிலும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, புகை எங்கே எழுகிறது, எரிவது விறகா, சருகா, பிளாஸ்டிக்கா, புகை மேலே எழும்புகிறதா, தாழப் படிகிறதா என்று எழுதி வாருங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் ஒழுங்கும் போதும். மாத முடிவில் உங்கள் தெருவின் காற்றைப் பற்றி அதுவரை எவருமே அறியாத ஒரு செய்தி உங்கள் கையில் இருக்கும். அதை ஊராட்சியிடமோ பேரூராட்சியிடமோ காட்டிப் பேசுங்கள். கல்லூரியில் ரசாயனம் பயில்வோர், பெயர் தெரியாமல் எஞ்சியிருக்கும் அந்த ஒன்பது பங்கை நினைவில் வையுங்கள். அவற்றுக்குப் பெயர் சூட்டும் வேலை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.